செப்டம்பர் இரண்டாம் சனிக்கிழமை

கார்ஸ்டன் கல்லூரியின் அமெரிக்க ஃபுட்பால் அணிக்கு எதிரணி பிடித்துக் கொடுப்பது மார்லிஸ் ட்வைட்டின் வேலை. ஒரு சீசனுக்குப் பதினோரு ஆட்டம். அதில் எட்டை லீக்காரர்களே அட்டவணை போட்டு அனுப்பிவிடுவார்கள். அதில் அவளை யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. லீக்குக்கு வெளியே மிச்சமிருக்கும் மூன்று சனிக்கிழமைகள்தான் அவள் தலையில். பையன்களுக்குத் தெம்பு வரும்படி ஜெயிக்கக்கூடிய ஓர் அணி வேண்டும். உதை வாங்கிக் கற்றுக்கொள்ள ஓர் அணி வேண்டும். ஊர்க்காரர்கள் அறுவடை வேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்து பார்க்கிற மாதிரி ஓர் அணி வேண்டும். இதெல்லாம் நினைத்த மாத்திரத்தில் கிடைக்காது. இரண்டு வருடம், நான்கு வருடம் முன்பே பேசிவைக்க வேண்டும். பேசிவைத்தவர்கள் பேச்சு மாறாமல் இருக்க வேண்டும்.

மூன்றாவது வகை அணிக்காக அவள் ஒருநாளும் அலைந்ததில்லை. ஜேம்ஸ் ஆற்றோடு நாற்பது மைல் கீழே போனால் லிண்டால் கல்லூரி. அவர்கள் வேறு லீக். ஆனால் எழுபது வருடத்துக்கும் மேலாகச் செப்டம்பர் இரண்டாம் சனிக்கிழமை என்றால் கார்ஸ்டனும் லிண்டாலும் மோதிக்கொள்ளும் நாள். ஒரு வருடம் இங்கே, மறு வருடம் அங்கே. இரண்டு ஊரிலும் கல்யாணத்துக்குத் தேதி பார்ப்பவர்கள் அந்த ஒரு சனிக்கிழமையைத் தொடமாட்டார்கள். பாதிரியாரே வரமாட்டார்.

லிண்டாலில் இதே வேலையைப் பார்த்தவன் டெல்பர்ட் க்ரோன். பெரிய உடம்பு, சின்னக் குரல். மார்லிஸ் இந்த நாற்காலியில் உட்கார்ந்த முதல் வருடம், எந்த ஒப்பந்தத்தில் என்ன எழுத வேண்டும் என்றுகூடத் தெரியாமல் திணறியபோது, எதிராளியான அவன்தான் ஃபோனில் ஒவ்வொரு வரியாகச் சொல்லிக்கொடுத்தான். அன்றிலிருந்து இருபத்து நான்கு வருடம், வியாழக்கிழமை காலை ஆனால் அவனிடமிருந்து ஃபோன் வந்துவிடும். யார் யாரோடு ஆடப் போகிறார்கள், எந்தக் கல்லூரி கையெழுத்துப் போட்டுவிட்டு ஓடிப்போயிற்று, எந்தக் கோச்சுக்குச் சீட்டுக் கிழியப் போகிறது என்று அரை மணி நேரம் போகும். ஆறு வருடத்துக்கு முன் அவள் கணவன் ஆர்லோ இறந்தபோது, பனிப்புயலில் சாலையை மூடிவிட்டார்கள். டெல்பர்ட் பனி வாரும் வண்டிக்குப் பின்னாலேயே நாற்பது மைல் ஊர்ந்துவந்து சேர்ந்தான். சவப்பெட்டியைத் தூக்கிய ஆறு பேரில் அவனும் ஒருவன்.

லிண்டாலோடு போட்ட நாலு வருட ஒப்பந்தம் சென்ற செப்டம்பரோடு முடிந்தது. அதைப் பற்றி மார்லிஸ் கவலைப்படவில்லை. காகிதம் எப்போதுமே தாமதமாகத்தான் வரும். பேச்சு முதலில் முடிந்துவிடும்.

பிப்ரவரி முதல் வாரம் தெற்கே இருக்கிற பெரிய பல்கலைக்கழகத்திலிருந்து அவளுக்கு ஒரு ஃபோன் வந்தது. எண்பதாயிரம் பேர் உட்காரும் மைதானம் அவர்களுடையது. டிவியில் அவர்களைக் காட்டாத சனிக்கிழமை கிடையாது. அவர்களோடு ஆட வேண்டிய அணி ஒன்று கடைசி நேரத்தில் கழன்றுகொண்டதாம். அட்டவணை போடும் கர்ட்டிஸ் என்பவர் நேராகவே கேட்டார்.

"செப்டம்பர் ரெண்டாவது சனி. எங்க ஊருக்கு வந்து ஆடிட்டுப் போறீங்களா? உங்க ஊர்ல மழை ஒழுகுற உடற்பயிற்சிக் கூடத்துக்குப் புதுக் கூரை போட்டுக்கலாம், அவ்வளவு தர்றோம்."

"கூரை ஒழுகுறது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"உங்க கோச் போன வருஷம் ஒரு பேட்டியில அழுதாரே."

மார்லிஸ் சிரித்துவிட்டு, யோசித்துச் சொல்கிறேன் என்றாள். அவள் வாழ்க்கையில் அப்படி ஓர் அழைப்பு வந்ததில்லை. மறுநாள் வியாழக்கிழமை. டெல்பர்ட் கூப்பிட்டபோது மனசில் இருந்ததை அப்படியே கொட்டினாள்.

 அவன், "நேர்ல பேசலாம் மார்லிஸ். டோலனுக்கு வா" என்றான்.

டோலன் இரண்டு ஊருக்கும் நடுவில் இருந்தது. ஒரு தானியக் கிடங்கு, ஒரு பெட்ரோல் பங்க், ஒரு சாப்பாட்டுக் கடை. டெல்பர்ட் வழக்கம்போல ஒரு தட்டு சிஸ்லிக் வாங்கி வைத்துக்கொண்டு, பொரித்த ஆட்டுக்கறித் துண்டுகளைப் பல்குத்தும் குச்சியால் ஒவ்வொன்றாகக் குத்திக்கொண்டிருந்தான்.

"நீ போகணும்னா போ. நான் குறுக்கே நிக்கமாட்டேன்" என்றான். "ஆனா ஒண்ணு சொல்றேன் கேட்டுக்கோ. ஒரு வருஷம் விட்டா இந்த ஆட்டம் திரும்ப வராது. எங்க காலேஜுக்கு வந்திருக்கிற புதுப் பிரசிடென்ட் இதை எப்படா நிறுத்தலாம்னு பாத்துட்டு இருக்கார். நீ கைய எடுத்தா, 'பாத்தியா, அவங்களே வேண்டாம்னுட்டாங்க'ன்னு ஒரே வெட்டா வெட்டிடுவார்."

"நிஜமாவா சொல்ற?"

"உன்கிட்ட நான் எப்ப விளையாடியிருக்கேன்?"

"அப்ப இந்த வருஷம் உறுதியா வெச்சுக்கலாமா டெல்? நான் அவங்களை வேண்டாம்னு சொல்லிட்டா எனக்கு வேற வழி கிடையாது."

"தாயே, ரெண்டாவது சனி உன்னோடது. காகிதம் எங்க வக்கீல்கிட்ட இருக்கு. அவன் ஒரு சோம்பேறி. வந்ததும் அனுப்பறேன்." தட்டை அவள் பக்கம் தள்ளினான். "சாப்பிடு, ஆறுது."

அவள் அன்று மதியமே கர்ட்டிஸைக் கூப்பிட்டு, மன்னிக்க வேண்டும், அந்தத் தேதி லிண்டாலுக்கு என்று சொல்லிவிட்டாள். கார்ஸ்டன் கோச் வேட் பெகார் முப்பத்தைந்து வயதுக்காரன், ஆசைக்காரன். கேள்விப்பட்டதும் அவள் அறைக்கு வந்து இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டான். "எண்பதாயிரம் பேர் மார்லிஸ்! நம்ம பையன்களை அவங்க அம்மா டிவியில பாத்திருப்பாங்க!"

"அடுத்த வருஷம் உங்களுக்கு வேற பெரிய இடமா பிடிச்சுத் தர்றேன். இந்த ஆட்டம் போயிட்டா அதை யாராலயும் பிடிச்சுத் தர முடியாது" என்றாள்.

மார்ச்சில் மான்டானாவிலிருந்து ஓர் அணி அதே தேதியைக் கேட்டது. இல்லை என்றாள். ஏப்ரலில் இன்னொன்று. அதற்கும் இல்லை. வியாழக்கிழமைகளில் டெல்பர்ட் தவறாமல் கூப்பிட்டான். காகிதம் எங்கே என்று அவள் கேட்டால், வக்கீலுக்கு முதுகுவலி, வக்கீல் மீன்பிடிக்கப் போய்விட்டான், வக்கீல் பொண்ணுக்குப் பட்டமளிப்பு என்று தினுசு தினுசாகச் சொன்னான். அவள் ஒவ்வொன்றுக்கும் சிரித்தாள்.

மே மாதம் இரண்டாம் வாரம், ஜோலீனின் முடிதிருத்தும் கடையில் தலைமுழுக்க நுரையோடு உட்கார்ந்திருந்தாள். ஜோலீன் ஒரு கையால் தலையைத் தேய்த்துக்கொண்டே மறு கையால் ஃபோன் திரையைத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

"என்ன மார்லிஸ், உங்க லிண்டால் பயலுக தெற்கே ஆடப் போறானுங்களாமே?"

"எப்போ? சீசன் முடிஞ்சா?"

"செப்டம்பர்லன்னு போட்டிருக்கு. பன்னெண்டாம் தேதி. அது நம்ம ஆட்டத் தேதி இல்ல?" ஜோலீன் ஃபோனை அவள் முகத்துக்கு நேராகப் பிடித்தாள்.

கண்ணாடி போடாததால் எழுத்து கலங்கித் தெரிந்தது. படம் தெரிந்தது. பெரிய பல்கலைக்கழகத்தின் சிவப்புச் சின்னமும் லிண்டாலின் பச்சைச் சின்னமும் பக்கத்தில் பக்கத்தில். மார்லிஸ் தலையைப் பின்னால் சாய்த்தாள். "தண்ணி ஊத்து" என்றாள். தண்ணீர் காதோரம் ஓடியபோது ஜோலீன் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் காதில் விழவில்லை. ஏதோ தப்பு நடந்திருக்கிறது, பிரசிடென்ட் டெல்பர்ட்டின் கையை மீறிச் செய்துவிட்டார், பாவம் அவன் எப்படிச் சொல்வது என்று தவித்துக்கொண்டிருப்பான் என்றுதான் அப்போதும் நினைத்தாள். கார் வரைக்கும் அந்த நினைப்பு தாங்கியது.

காரிலிருந்தே டெல்பர்ட்டைக் கூப்பிட்டாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி கூப்பிட்டாள். இந்த முறை இரண்டே மணியில் துண்டிக்கப்பட்டது. பிறகு கர்ட்டிஸைக் கூப்பிட்டாள்.

கர்ட்டிஸ் குழம்பிப்போனார். "உங்களுக்குத் தெரியாதா? பிப்ரவரியில நீங்க வேண்டாம்னு சொன்னீங்க இல்ல, அதுக்கு மறுநாள் க்ரோன் கூப்பிட்டார்."

"மறுநாளா?"

"மறுநாள் காலையில. நானா அவரைக் கூப்பிடலை. 'உங்களுக்கு ஒரு சனிக்கிழமை ஓட்டையா இருக்காமே, நாங்க வர்றோம்'ன்னார். நீங்க கார்ஸ்டனோட ஆடணுமேன்னு நானே கேட்டேன் மேடம். அவங்க இந்த வருஷத்தோட விட்டுட்டாங்கன்னார். அவர் சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நம்பிட்டேன்."

"எல்லாரும் அப்படித்தான் நம்புறோம்" என்றாள் மார்லிஸ். 

அலுவலகத்துக்குப் போனபோது செய்தி அவளுக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. விளையாட்டுத் துறைத் தலைவர் நீல் ஓஸ்ட்பி, வேட், இரண்டு பேரும் அவள் மேஜைக்கு முன்னால் நின்றார்கள். நீல் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"காகிதம் எங்க மார்லிஸ்?"

"வரலை."

"கையெழுத்து இல்லாம மூணு மாசம் ஒரு தேதியைக் கட்டி வெச்சிருந்தீங்களா? மூணு பேரைத் திருப்பி அனுப்பிட்டு?"

"டெல்பர்ட் சொன்னான். அது போதும்னு இருந்தேன்."

வேட் அவளைப் பார்க்காமலேயே வெளியே போனான்.  நீல் கதவைச் சாத்திக்கொண்டு போகும்போது, "சொந்த மைதானத்துல ஒரு ஆட்டம் காலி. செப்டம்பருக்கு நாலு மாசம்கூட இல்லை. எதையாவது பண்ணுங்க" என்றார்.

அவள் முதலில் பண்ணியது, காரை எடுத்துக்கொண்டு லிண்டாலுக்குப் போனது. டெல்பர்ட்டின் செயலாளர் அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டாள்; வழக்கமாகக் கட்டிப்பிடிப்பவள். மார்லிஸ் கதவைத் தட்டாமல் உள்ளே போனாள்.

டெல்பர்ட் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றான். "ஃபோன்ல சொல்ற விஷயமா இது, அதான் எடுக்கலை" என்றான்.

"அப்ப எங்க சொல்ற விஷயம்? ஜோலீன் கடையிலயா?"

"உக்காரு மார்லிஸ்."

"நிக்கிறேன்."

அவன் உட்கார்ந்தான். "ரிட்டயர் ஆக எனக்கு இன்னும் ரெண்டு வருஷம்தான் இருக்கு. ஒரு பெரிய ஆட்டம் பிடிச்சுட்டு வா, இல்லைன்னா சின்ன வயசுக்காரன் ஒருத்தனைப் போட்டுக்கறேன்னு பிரசிடென்ட் முகத்துக்கு நேரா சொன்னார். நான் எங்க போவேன்? எனக்கு யாரு பெரிய ஆட்டம் தருவா? நீ வந்து கையில இருக்கு, வேணுமா வேண்டாமான்னு தெரியலைங்கற. எனக்கு எப்படி இருந்திருக்கும்?"

"அதனால என்னை வேண்டாம்னு சொல்ல வெச்ச."

"உன்னை யாரும் கட்டாயப்படுத்தலை. நீயாத்தான் முடிவு பண்ணின."

"டெல்." அவள் மேஜையில் இரண்டு கையையும் ஊன்றினாள். "அந்த ஆட்டம் செத்துடும்னு சொன்னியே. அது நிஜமா, அதுவும் அப்பவே கட்டின கதையா?"

அவன் மேஜைமேல் இருந்த பேனாவை நகர்த்தி வைத்தான்.

"வக்கீலுக்கு முதுகுவலி?"

"மார்லிஸ்..."

"பொண்ணுக்குப் பட்டமளிப்பு? வாராவாரம் எனக்கு ஃபோன் பண்ணிக் கதை சொன்னியே, நான் சிரிச்சேனே, அப்ப உனக்கு என்ன தோணும்? வெச்சதும் நீயும் சிரிப்பியா?"

"இல்லை" என்றான். முகம் கழுத்துவரை சிவந்திருந்தது. "ஒவ்வொரு வியாழனும் இன்னிக்குச் சொல்லிடணும்னுதான் எடுப்பேன். சொன்னா நீ மான்டானாக்காரனைப் பிடிச்சிருப்பே, உனக்கும் நல்லதுன்னு தெரியும். ஆனா கையெழுத்து ஆகறதுக்கு முன்னாடி நீ கர்ட்டிஸ்கிட்ட பேசிட்டா என் கதை முடிஞ்சுது. அதுக்கப்புறம் நாளாக ஆக வாய் வரலை." பிறகு, "நீ என் இடத்துல இருந்தா இதைத்தான் பண்ணியிருப்பே" என்றான்.

"நான் உன் இடத்துலதான் இருந்தேன். எனக்குத்தானே முதல்ல வந்துச்சு? நான் உன்கிட்ட வந்து கேட்டேன்."

வெளியே பையன்கள் யாரோ பந்து வீசிப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய கூச்சல் கேட்டது.

"உன்கிட்ட வெளிப்படையா கேட்டிருந்தா விட்டுக் கொடுத்திருப்பியா?" என்றான் டெல்பர்ட் மெதுவாக.

மார்லிஸ் நிஜமாகவே யோசித்துப் பார்த்தாள். "தெரியலை" என்றாள். "திட்டியிருப்பேன். ஒரு வாரம் பேசாம இருந்திருப்பேன். அப்புறம் கொடுத்திருப்பேனோ என்னவோ. இனிமே அது ரெண்டு பேருக்கும் தெரியாது."

திரும்பி வரும்போது டோலனைத் தாண்டி இரண்டு மைலில் காரை வயல் ஓரமாக நிறுத்தினாள். ஆர்லோவின் பெட்டியைத் தூக்கும்போது டெல்பர்ட்டின் புருவத்தில் பனி ஒட்டியிருந்தது ஞாபகம் வந்தது. அதுவும் பொய்யா என்று ஒரு கணம் தோன்றிவிட்டது. அது பொய்யில்லை என்று அவளுக்குத் தெரியும். ஆனால் அந்தச் சந்தேகம் ஒருமுறை வந்துவிட்டதே, அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்து, உரக்கவே அழுதாள். ஒரு டிராக்டர்க்காரர் வண்டியை நிறுத்தி, பெட்ரோல் தீர்ந்துவிட்டதா என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லி, பிறகு இல்லை என்று சொல்லி, கண்ணைத் துடைத்துக்கொண்டு கிளம்பினாள்.

மறுநாளிலிருந்து ஃபோனைக் கையிலிருந்து இறக்கவில்லை. மான்டானாக்காரர்கள் வேறு இடம் பார்த்துவிட்டார்கள். மற்றவர்களும் அப்படியே. மே மாதத்தில் காலித் தேதி வைத்திருப்பவர்கள் யாரும் நல்ல நிலையில் இருப்பவர்கள் இல்லை. முப்பத்தோராவது ஃபோனில் மிச்சிகனின் வடக்கு மூலையில், சுப்பீரியர் ஏரிக்கரையில் இருக்கும் ஒரு சின்னக் கல்லூரி கிடைத்தது. அங்கே பேசியவள் பெயர் ஐலி ஹெய்க்கினென்.

"எங்களோட ஆட வேண்டிய காலேஜ் ஃபுட்பாலையே மூடிட்டாங்க" என்றாள் ஐலி. "உங்களுக்கு என்ன ஆச்சு?"

மார்லிஸ் சொன்னாள். எவ்வளவு சொல்வது என்று தெரியாமல் ஆரம்பித்து, எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

 "எங்க பக்கமா இருந்தா அந்த ஆளை ஏரியில ஐஸ் உடைச்சு இறக்கியிருப்போம்" என்றாள் ஐலி. "பஸ்ல பதிமூணு மணி நேரம் ஆகும். பரவாயில்லை, வர்றோம். ஆனா அடுத்த வருஷம் நீங்க இங்க வரணும். வெறும் பேச்சு வேண்டாம், காகிதம் அனுப்புங்க."

"இன்னிக்கே அனுப்பறேன்."

"எனக்கு மட்டும் இல்லை. உங்களுக்காகவும்தான் சொல்றேன்."

அந்தச் செப்டம்பரில் மைதானத்தில் பாதிதான் நிரம்பியது. ஏரிக்கரைக்காரர்களோடு வந்தது ஒரு பஸ் கூட்டம். எல்லோருமே ஆட்டக்காரர்களின் அப்பா அம்மாக்கள். ஊர்க்காரர்கள் மார்லிஸைப் பார்த்து, "யாரும்மா இவங்க, பேரே வாயில நுழைய மாட்டேங்குது" என்றார்கள். ஆனால் ஆட்டம் நன்றாக இருந்தது. கடைசி நிமிடம்வரை யார் பக்கம் என்று தெரியாமல் இழுத்து, கார்ஸ்டன் மூன்று புள்ளி வித்தியாசத்தில் தோற்றது. ஆட்டம் முடிந்ததும் வேட் அவளிடம் வந்து, "இவங்களை விட்டுடாதீங்க. நம்ம பையன்களுக்கு இது மாதிரிதான் வேணும்" என்றான். மே மாதத்துக்குப் பிறகு அவன் அவளிடம் சிரித்துப் பேசியது அன்றுதான்.

லிண்டால் அதே நாளில் தெற்கே எண்பதாயிரம் பேர் முன்னால் அறுபத்தாறுக்கு மூன்று என்று தோற்றது. பந்தை வீசி ஆட்டத்தை நடத்தும் அவர்களுடைய குவார்ட்டர்பேக் பையன் தோள்பட்டை விலகி அந்த சீசன் முழுக்க ஆடவில்லை. செய்தியைப் படித்தபோது மார்லிஸ் தனக்குச் சந்தோஷம் வரும் என்று காத்திருந்தாள். அந்தப் பையனின் அம்மா முகம்தான் மனசில் வந்தது.

நவம்பரில் ஒரு வியாழக்கிழமை காலை ஃபோன் அடித்தது. எடுக்கும் முன்பே தெரிந்துவிட்டது.

"நான்தான்" என்றான் டெல்பர்ட். அவன் குரல் இன்னும் சின்னதாகியிருந்தது. "நம்ம ஆட்டத்தைத் திரும்ப ஆரம்பிக்கலாமான்னு கேக்கத்தான். ஊர்ல எல்லாரும் என்னைத் திட்டறாங்க. பிரசிடென்ட்டே கேக்கறார். காகிதத்தை நானே கையில எடுத்துட்டு வர்றேன்."

"ரெண்டாவது சனி போயிடுச்சு. ஏரிக்கரைக்காரங்களோட நாலு வருஷம் போட்டாச்சு."

"மூணாவது சனி?"

மார்லிஸ் அட்டவணையைப் பார்த்தாள். "காலியா இருக்கு" என்றாள்.

"அப்ப?"

"உனக்கு இல்லை டெல்."

 "ஊர்க்காரங்க உன்னைச் சும்மா விடமாட்டாங்க. இது நாம ரெண்டு பேர் விஷயம் மட்டும் இல்லை."

"தெரியும். உனக்குப் பதிலா அந்த நாற்காலியில வேற ஆள் வந்து கேட்டா அன்னிக்கே கையெழுத்துப் போடுவேன். நீல்கிட்டயும் இதையே சொல்லிட்டேன். அவருக்கு இஷ்டமில்லைன்னா என் நாற்காலிக்கு வேற ஆள் பாத்துக்கட்டும்."

"இருபத்து நாலு வருஷம் மார்லிஸ்."

"ஆமா" என்றாள். "அதான்."

டெல்பர்ட் அதற்குப் பிறகும் ஃபோனை வைக்கவில்லை. அவளும் உடனே வைக்கவில்லை.  பிறகு அவள் ஃபோனை வைத்துவிட்டு, மூன்றாவது சனிக்கிழமைக்கு யாரைக் கேட்கலாம் என்று பட்டியலை எடுத்தாள்.